நின்றால் கொதிக்கும் கார்

முதன்முதலாக அந்த முள் நடுக்கோட்டைத் தாண்டியபோது நாங்கள் சுபாங் பக்கம் கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்றோம். காலை ஏழே முக்கால் இருக்கும். கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகிற அத்தனை பேரும் அன்று அந்த ஒரே சாலையில்தான் இருந்தார்கள். இடது பக்க இருக்கையில், பரிசோதனைக்காக என்னோடு வந்த என் மனைவி, ஏழு மாத வயிற்றுக்குக் கீழே இருக்கைவாரைத் தள்ளிவிட்டுக்கொண்டு, பாதித் தூக்கத்தில் இருந்தாள். வெப்பம் காட்டும் முள் ஒரு நூல் அளவு ஏறியது. பிறகு இன்னொரு நூல்.

கார் என்றதும் குடும்பக் கார் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டே இருக்கை. தரையோடு தரையாக உட்கார வேண்டும். எஞ்சின் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும், ரேடியேட்டர் காரின் மூக்கில் இருக்கும், இரண்டையும் இணைக்கிற தண்ணீர்க் குழாய்கள் நாம் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு அடியில் ஓடும். ஜப்பான்காரன் தொண்ணூறுகளில் செய்தது. கல்யாணத்துக்கு முன்பு நான் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அதுதான். மனைவி கர்ப்பம் என்று அலுவலகத்தில் சொன்ன அன்று, "பிள்ளைய எங்க பாஸ் வெப்பீங்க, போனட்லயா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். பிள்ளை பிறந்ததும் மாற்றிவிடலாம் என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். வீட்டில் வேறு கார் கிடையாது. மனைவி வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் நடக்கிற தூரத்தில் இருந்தது.

முந்தைய வருடம் எங்களுக்கு நான்காம் மாதத்தில் ஒன்று கலைந்துபோனது. அப்போது பார்த்த அதே டாக்டரம்மாவிடம்தான் இந்த முறையும் போனோம். அவர் இருந்தது கோலாலம்பூரில். வலியோ ரத்தமோ எது தட்டுப்பட்டாலும் யோசிக்காமல் நேராக வந்துவிடுங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புவார். கிள்ளானில் எங்கள் வீட்டிலிருந்து அவரிடம் போக, சாலை காலியாக இருந்தால் முக்கால் மணி நேரம். அந்தச் சாலை எப்போது காலியாக இருந்தது? எனக்கு இருந்த பயம் இது ஒன்றுதான். அவளுக்கு அவசரம் வருகிற நாளில் இந்தக் கார் நடுவழியில் கொதித்து நிற்கும், நான் கையைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் நிற்பேன். ஒரு முறை பிள்ளையைப் பறிகொடுத்தவனுக்கு இந்தப் படம் கண்ணில் ஓட அதிக நேரம் ஆகாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பயம் வந்தால் எனக்குக் கோபம் வரும். அன்று காலை, சூடு ஏறினால் ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டால் எஞ்சினின் வெப்பம் கொஞ்சம் உள்ளே வந்துவிடும் என்று எங்கோ படித்தது ஞாபகம் வந்து, ஏர்கோனை அணைத்து ஹீட்டரைத் திருப்பினேன். மலேசிய வெயிலில் ஹீட்டர். மனைவி திடுக்கிட்டு விழித்தாள்.

"என்னங்க பண்றீங்க? என்ன வேக வெச்சுச் சாப்பிடப் போறீங்களா?"

"சும்மா இரு! கார் கொதிக்குது!" என்று கத்தினேன். கல்யாணமாகி அவளிடம் அப்படிக் கத்தியதில்லை. அவள் கண்ணாடியை இறக்கிவிட்டு, கைக்குட்டையால் விசிறிக்கொண்டாள். நான் ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தேன். சாலையோரத்தில் லோரிகள் உரசுவதுபோல் போய்க்கொண்டிருக்க, அவளைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் புல்லில் நிற்கவைத்துவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்து முகம் வெந்த ஒருவரை எனக்குத் தெரியும். அதனால் அந்த மூடியை நான் தொடவில்லை, பார்க்கக்கூடப் பயந்தேன். அவளிடம் மன்னிப்பும் கேட்கவில்லை.

கிள்ளானில் நான் வழக்கமாகப் போகும் பட்டறைக்கார அங்கிள் பின்பக்க மூடியைத் திறந்து, ஒரு பார்வை பார்த்து, முடிவையும் சொல்லிவிட்டார்.

"பழைய காடி தம்பி. தெர்மோஸ்டாட் இறுகிப் போயிருக்கும். கழட்டிப் போட்டுறலாம்."

"புதுசு போடணுமா அங்கிள்?"

"எதுக்கு? அது குளிர் நாட்டுக்காரனுக்கு. எஞ்சின் சூடாகுற வரைக்கும் தண்ணிய ஓட விடாமப் பிடிச்சு வெக்கிற மூடி அது. நம்ம ஊருல என்ன பனியா பெய்யுது? இங்க பாதி காடியில அது கிடையாது லா."

அவர் சொன்னது பொய்யில்லை. என் அப்பா ஓட்டிய காரிலும் அது இல்லை, என் மாமா ஓட்டிய காரிலும் இல்லை. இந்த ஊரில் அதைக் கழற்றுவது குழந்தைக்கு முடி எடுப்பதுபோல ஒரு சடங்கு. கழற்றிவிட்டு, எஞ்சின் பக்கத்து மூடி வழியாகக் குழாய்த் தண்ணீரை நிரப்பி அனுப்பினார். அதன் பிறகு முள் அசையவே இல்லை. ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓட்டினேன். அது பள்ளி விடுமுறை வாரம் என்பதும், சாலையில் பாதிக் கார்கள் இல்லை என்பதும் என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. பள்ளி திறந்த திங்கட்கிழமை, பெட்டாலிங் ஜெயாவுக்குள் நுழையும் இடத்தில், முள் சிவப்புக் கோட்டுக்கே போய்விட்டது.

இந்த முறை அங்கிள் தலையைச் சொறிந்தார். "அப்போ ஹெட் கேஸ்கெட்டா இருக்கும். எஞ்சின பிரிக்கணும். ரெண்டு வாரம் காடி என்கிட்ட இருக்கணும்" என்றார். மனைவிக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் போனது. கேஸ்கெட் போனால் தண்ணீரும் எண்ணெயும் கலந்துவிடும், எண்ணெய் பால் தேநீர்போல ஆகிவிடும் என்று தெரிந்துகொண்டேன். தினமும் காலையில் பல் துலக்குவதற்கு முன்பே போய் எண்ணெய் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன். தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கோடு போட்டு வைப்பேன். இருக்கைக்குப் பின்னால் எப்போதும் ஆறு போத்தல் தண்ணீர். ஒவ்வொரு சிக்னலுக்கும் முன்பு, நிற்க வேண்டிவருமோ என்று வேகத்தைக் குறைத்து மெல்ல உருட்டிக்கொண்டே போவேன். முள் ஏறத் தொடங்கியதும், அது பெட்ரோல் நிலையமோ பேருந்து நிறுத்தமோ, ஒதுக்கி எஞ்சினை அணைத்துவிடுவேன்.

அந்த நாட்களில் மனைவி, டாக்டரம்மா சொன்னபடி, குழந்தை உதைப்பதை எண்ணி ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாள்.

"நான் இத எண்ணுறேன். நீங்க போய் உங்க போத்தல எண்ணுங்க" என்பாள்.

"வெளையாடாத. அவசரத்துக்கு இந்தக் கார்தான் நமக்கு."

"வாடகைக் கார் கூப்பிடலாம் லா. ஊருல எல்லாரும் அப்படித்தான போறாங்க?"

"மழை பெஞ்சா ஒருத்தனும் வரமாட்டான். வந்தாலும் பாதியில கேன்சல் பண்ணுவான்." அவள் எது சொன்னாலும் என்னிடம் பதில் தயாராக இருந்தது.

அலுவலகத்தில் ஒருவர் சொல்லித்தான் சாலாக் செலாத்தானில் இருக்கிற பட்டறைக்குப் போனேன். அந்த மெக்கானிக் என்னைவிட இளையவர். என்னுடையதைப் போலவே ஒரு கார், அவருடையது, வாசலில் சக்கரம் இல்லாமல் நின்றது. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது. நான் ஒன்றரை மாதக் கதையை ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"ஓடும்போது ஏறுதா அண்ணே, நிக்கும்போது ஏறுதா?"

எனக்குத் தெரியவில்லை. "ஏறுனதும் ஆஃப் பண்ணிடுவேனே" என்றேன்.

"திரும்ப ஓட ஆரம்பிச்சா இறங்குதா?"

"தெரியாது. இறங்குறவரைக்கும் விட்டதில்ல."

"சிக்னல்ல நிக்கும்போது ஏர்கோன் சில்லுன்னு வருதா?"

அதற்கு மட்டும் பதில் தெரிந்திருந்தது. நின்றால் வெதுவெதுப்பாக வரும். கேஸ் தீர்ந்திருக்கும் என்று நினைத்து அதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவர் தனக்குள் சிரித்துக்கொண்டார். "நீங்க ரொம்பப் பயந்து பயந்து ஆஃப் பண்ணதால காடி உங்ககிட்ட எதையும் சொல்ல முடியல அண்ணே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை.

முதலில் ஒரு புதுத் தெர்மோஸ்டாட்டை மாட்டினார். இந்த வகை எஞ்சினில் அதைக் கழற்றிவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் குறுக்கு வழியில் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்குமாம். அங்கிள் செய்த வைத்தியம் சூட்டை இன்னும் கூட்டித்தான் இருக்கிறது. பிறகு குழாய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பச்சை நிறக் கூலண்ட் ஊற்றி, நீண்ட குழாய்களில் மாட்டியிருந்த காற்றைப் பொறுமையாக வெளியேற்றினார். அதெல்லாம் முடிந்ததும் என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க. முள்ளு ஏறும். ஏறட்டும். நான் சொல்ற வரைக்கும் சாவியத் தொடக்கூடாது."

அந்தப் பத்துப் பதினைந்து நிமிடங்களை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கார் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. முள் நடுவுக்கு வந்தது. தாண்டியது. முதுகுக்குப் பின்னால் எஞ்சினின் சூடு இருக்கையைத் தாண்டி உறைத்தது. என் வலது கை தானாகச் சாவிக்குப் போனது, அவர் வெளியிலிருந்தே "ம்ஹூம்" என்றார். கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். ஏதாவது வெடிக்கும் என்று நிஜமாகவே நம்பினேன். அவரோ காரின் மூக்குப் பக்கம் குனிந்து காதைச் சாய்த்து நின்றார்.

"இந்நேரம் முன்னாடி விசிறி சுத்தணும் அண்ணே. ஏதாச்சும் சத்தம் கேக்குதா?"

எனக்கு என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது.

"அணைங்க" என்றார். "ஓடுறப்போ காத்து தானா ரேடியேட்டருக்கு வரும். நின்னா விசிறிதான் காத்து கொடுக்கணும். விசிறி செத்துப்போச்சு. அவ்வளவுதான் விஷயம்."

ஒன்றரை மாதம், அங்கிள் பட்டறையில் இரண்டு தடவை, யாருமே காரின் முன்பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை. எஞ்சின் பின்னால் இருந்ததால் எல்லாரும் பின்னாலேயே குனிந்துகொண்டிருந்தோம். அவர் உதிரிச் சக்கரத்தை எடுத்து, தட்டைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு கையை விட்டு எதையோ பிடித்து இழுத்தார். வந்தது. வந்துகொண்டே இருந்தது. தங்க நிற ஜிகினா நாடா, அதோடு பின்னிக்கொண்ட நூல், கருகிய ரோஜாக் காம்புகள். விசிறியின் அச்சில் கயிறு திரித்ததுபோல் இறுகியிருந்தது. அதைச் சுற்றவிடாமல் பிடித்ததில் மோட்டார் எரிந்து, ஃபியூஸும் போயிருந்தது.

"இது என்னா அண்ணே, மாலையா?"

மாலைதான். என் மனைவியின் வளைகாப்பு மாலை. முள் முதன்முதலாக ஏறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, கிள்ளானில் ஒரு மண்டபத்தில் வளைகாப்பு முடிந்து அவள் கழற்றித் தந்ததை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சாமி மாலையையும் சுப காரிய மாலையையும் குப்பையில் போடக்கூடாது, காலில் மிதிபடக்கூடாது. இங்கே பலர் செய்வதுபோல் காரின் முன்னால் கட்டிவிட்டால் அது பாட்டுக்கு வாடி உதிரும். ஆனால் அந்த மாலை சாலையில் விழுந்து லோரிச் சக்கரத்தில் அரைபட்டால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம். அதனால் பம்பருக்குக் கீழே காற்றுப் போகிற திறப்பின் குறுக்கே மூன்று சுற்றுச் சுற்றி, முடிச்சின் மேல் முடிச்சு போட்டு, அவிழவே அவிழாதபடி கட்டினேன். சில நாட்கள் கழித்து அதைக் காணவில்லை. உதிர்ந்துவிட்டது என்று கையெடுத்துக் கும்பிட்டு மறந்துவிட்டேன். அது வாடித் தொய்ந்து உள்ளே போய்விட்டிருந்தது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் முதலில் நம்பவில்லை. நாடாவை எடுத்துக் காட்டியதும் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உங்க பயபக்திதான் காரயே கொதிக்க வெச்சிருக்கு" என்றாள். "ஐயோ, சிரிக்க வெக்காதீங்க, உள்ள இருக்கிறதும் குலுங்குது." எனக்கும் சிரிப்பு வந்தது. வெகு நாளைக்குப் பிறகு அன்று ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

ஜப்பானில் வெட்டி இறக்கிய பழைய கார்களின் பாகங்களை விற்கும் ரவாங் கடை ஒன்றில் மெக்கானிக் ஒரு விசிறி மோட்டாரைக் கண்டுபிடித்து மாட்டினார். சோதித்துப் பார்க்கவென்றே நான் பிரிக்பீல்ட்ஸ் நெரிசலுக்குள் காரை ஓட்டிப்போய் நின்றேன். முள் ஒரு நூல் ஏறியது, முன்னால் விர்ரென்று சத்தம் வந்தது, முள் இறங்கியது. மறுபடி நின்றேன், மறுபடி இறங்கியது. கார் சரியாகிவிட்டது. ஆனால் என் கண் அந்த முள்ளை விட்டு நகர மறுத்தது. சாலையைப் பார்க்கிற நேரத்தைவிட அதைப் பார்க்கிற நேரம்தான் அதிகம்.

ஒன்பதாம் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், இடுப்பு வலிக்கிறது என்றாள். பெரிய வலி இல்லை, டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்றாள். அவளே நடந்து வந்து காரில் ஏறினாள். ஷா ஆலமைத் தாண்டும்போது நல்ல மழை. வெள்ளிக்கிழமை, மழை, மாலை நேரம் நெருங்குகிறது. நெரிசலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சுபாங் வந்தபோது கார்கள் வரிசையாகப் பிரேக் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றன. நான் முள்ளைப் பார்த்தேன்.

"என்னங்க" என்றாள்.

"ஒண்ணும் இல்லமா. நடுவுலதான் இருக்கு" என்றேன்.

கொஞ்சம் நகர்ந்தோம், நின்றோம். முள் ஒரு நூல் ஏறியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். விர்ரென்ற சத்தம் வந்தது.

"என்னங்க…"

"விசிறி சுத்துது பாரு. பயப்படாத. கார் நிக்காது."

அவளுக்குத் தைரியம் சொல்வதாகத்தான் நினைத்தேன். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. கியர் மேல் இருந்த என் இடது கையை அவள் பிடித்து எடுத்தாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. என் கையைத் தன் இருக்கையின் ஓரத்தில் வைத்து அழுத்தினாள். ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

நான் நினைத்ததை மறைக்காமல் எழுதுகிறேன். தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இருக்கைக்கு அடியில் ஓடுகிற குழாய். உடனே முள்ளைப் பார்த்தேன், அது நடுவிலேயே இருந்தது. அப்புறம்தான் கையைத் தூக்கிப் பார்த்தேன். விரல்கள் சிவப்பாக இருந்தன.

அவள் முகம் வெளிறி, உதடு காய்ந்து, கண்ணாடியில் தலையைச் சாய்த்திருந்தாள். ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் அவசரப் பாதையில் ஓட்டினேன். "தூங்காத, என்னப் பாரு, தூங்காத" என்று கத்திக்கொண்டே போனேன். அழுதுகொண்டும் இருந்தேன். ஒரு மோட்டார் சைக்கிள்காரர் என்ன புரிந்துகொண்டாரோ, முன்னால் போய்க் கையை ஆட்டி ஆட்டி வழி விலக்கிக்கொடுத்தார். அவர் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. மருத்துவமனை வாசலில் அவளைத் தள்ளுபடுக்கையில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிந்துவிட்டது, உடனே அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்று கையெழுத்து வாங்கினார்கள். என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியாதபடி இருந்தது.

இருவரும் பிழைத்தார்கள். மகளுக்கு இப்போது மூன்று வயது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்கவில்லை, நானும் முடிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. எப்படியோ வந்து சேர்ந்தீர்களே, நல்ல கார் என்று தாதி ஒருவர் சொன்னார்.

மருத்துவமனையில் மூன்றாம் நாள் மனைவி எழுந்து உட்கார்ந்தாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் காதைத் தடவியபடி, என்னை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"அன்னிக்கு ரெண்டு தடவ கூப்பிட்டேனே. கேக்கலயா உங்களுக்கு?"

கேட்டிருந்தது. இரண்டு தடவையும் தெளிவாகக் கேட்டிருந்தது. பதிலும் சொல்லியிருந்தேன். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அதை வாய்விட்டுச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது.

"மழைச் சத்தத்துல கேக்கலமா" என்றேன்.

அவள் சரி என்பதுபோல் தலையாட்டினாள். சுபாங்கில் அவள் கூப்பிடுவதற்கு முன்பே மழை விட்டிருந்தது. அது அவளுக்கும் தெரியும்.